நரம்புத் துடிப்புகளால் கூட்டல் சுற்று: எந்த வழியில் கட்டுவது?

வயரில் 5 வோல்ட் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. கல்லூரியில் படிக்கும் டிஜிட்டல் சுற்றுகள் எல்லாமே இந்த ஏற்பாட்டின் மேல்தான் நிற்கின்றன. மின்னழுத்தம் வந்த இடத்தில் அப்படியே இருக்கும். 0, 1-களை வைத்துக் கணக்குப் போடும் சிறு சுற்றான கேட் தன் வசதிக்கு அதைப் பார்த்துக்கொள்ளும். நரம்பில் இந்த வசதி கிடையாது. ஒரு துடிப்பு வரும், போய்விடும். வந்த நேரத்தில் அதைக் கவனிக்காவிட்டால் அது வந்ததற்கான தடயமே இருக்காது.

இப்படி வந்துபோகும் துடிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு எண்களைக் கூட்டும் சுற்றைக் கட்ட முடியும். 1960களிலிருந்தே அதற்கு வழி தெரியும். இறுதியாண்டு புராஜெக்டுக்காகவோ, சொந்த ஆர்வத்திலோ இதில் இறங்குகிறவர்கள் பலர், எந்தப் பாகத்தை வாங்குவது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் அது இரண்டாவது கேள்வி. 0-வை எப்படிக் காட்டப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவுசெய்யுங்கள். அதை ஒத்திப்போட்டுவிட்டுப் பாகங்களை வாங்கினால், பாதி வேலையில் சுற்றை முழுக்கப் பிரித்துப் போட வேண்டிவரும்.

நரம்பிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளும் குணங்கள் நான்கு. ஒன்று, தூண்டல் ஒரு வரம்பைத் தாண்டினால்தான் துடிப்பு பிறக்கும். இரண்டு, பிறந்த துடிப்பு எவ்வளவு தூரம் போனாலும் தேயாது, வேகமும் மாறாது. மூன்று, துடிப்பு கடந்துபோன இடம் சிறிது நேரம் ஓய்வில் இருக்கும், அந்த நேரத்தில் அதைத் தூண்ட முடியாது. நான்கு, இதன் விளைவாக, எதிரெதிரே வரும் இரண்டு துடிப்புகள் மோதினால் இரண்டுமே அணைந்துவிடும். பட்டாசுத் திரியில் ஓடும் நெருப்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எரிந்த திரி கொஞ்ச நேரத்தில் தானே மீண்டும் முளைத்துக்கொள்ளும்.

இந்தக் குணங்களுக்குக் கணித வடிவம் கொடுத்தவர்கள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும். 1952-ல் கணவாய் மீனின் பெரிய நரம்பிழையை வைத்து அவர்கள் எழுதிய சமன்பாடுகள், துடிப்பின் வேகம் நொடிக்கு 18.8 மீட்டர் என்று சொல்லின. அளந்து பார்த்தபோது 21.2 மீட்டர் இருந்தது. அந்தக் கணக்கை ஹக்ஸ்லி போட்டது கைப்பிடியைச் சுழற்றும் பிரன்ஸ்விகா கணக்கு இயந்திரத்தில். நரம்புத் துடிப்பைக் கணிக்கவே கூட்டல் இயந்திரம் தேவைப்பட்டது. நாம் இங்கே பேசுவது அதற்கு நேர்எதிரான வேலை.

அதன்பின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் ஹெவிட் கிரேன் ஒரு படி மேலே போனார். நரம்பிழை மாதிரி நடந்துகொள்ளும் ஒரு மின்கம்பி இருப்பதாக வைத்துக்கொண்டால், அதை மட்டும் கொண்டு முழுக் கணினியையே கட்டலாம் என்று 1960களின் தொடக்கத்தில் காட்டினார். அந்தக் கம்பிக்கு அவர் வைத்த பெயர் நியூரிஸ்டர். அவருக்குத் தேவைப்பட்டவை இரண்டே வகைச் சந்திப்புகள். ஒன்றில், ஒரு கிளையில் வரும் துடிப்பு மற்ற எல்லாக் கிளைகளுக்கும் பரவும். இன்னொன்றில், துடிப்பு தாண்டிப் போகாது, ஓய்வு நிலை மட்டும் பக்கத்துக் கம்பிக்கும் பரவும். அதனால் ஒரு கம்பியில் போகும் துடிப்பு, பக்கத்துக் கம்பியில் சற்றுப் பின்னால் வரும் துடிப்பை அணைத்துவிடும். முதலாவது சேர்ப்பதற்கு, இரண்டாவது தடுப்பதற்கு.

சரி, 0-வுக்கு வருவோம்.

முதல் வழி, துடிப்பு வந்தால் 1, வராவிட்டால் 0. கேட்க எளிது, ஆனால் எப்போது வராவிட்டால் என்ற கேள்வி உடனே எழும். நேரத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கடிகாரத் துடிப்பு வைத்தால்தான் வரவில்லை என்பதற்குப் பொருள் உண்டு. இரண்டாவது வழி, ஒவ்வொரு பிட்டுக்கும், அதாவது 0 அல்லது 1 என்ற ஒவ்வொரு இலக்கத்துக்கும், இரண்டு கம்பிகள். ஒன்றில் துடிப்பு வந்தால் 0, மற்றதில் வந்தால் 1. ஏதாவது ஒன்றில் கட்டாயம் வரும், அதனால் கடிகாரம் வேண்டாம். மூன்றாவது வழி, எண்ணிக்கை. 7 என்றால் ஏழு துடிப்புகள். கூட்டுவதற்கு இரண்டு கம்பிகளைச் சேர்த்துவிட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் இரண்டு துடிப்புகள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வந்தால் ஓய்வு நேரம் ஒன்றை விழுங்கிவிடும், விடை ஒன்று குறையும். எட்டு பிட் எண்ணுக்கு 255 துடிப்புகள் வரை தேவைப்படும். துல்லியமான கணக்குக்கு இது சரிவராது, இதோடு விட்டுவிடலாம்.

இரட்டைக் கம்பி வழி பார்க்க நேர்த்தியானது. 0-வை 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும் மாற்றும் நாட் கேட்டே தேவையில்லை, இரண்டு கம்பிகளையும் மாற்றிப் போட்டால் முடிந்தது. விடை எப்போது தயார் என்பதும் தானாகத் தெரிந்துவிடும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. A-யின் துடிப்பு முன்னால் வந்து, B-யின் துடிப்பு பின்னால் வந்தால், முன்னால் வந்ததை யார் பிடித்து வைத்திருப்பது? துடிப்புக்குக் காத்திருக்கத் தெரியாது. ஒவ்வொரு சேர்க்கைக்கும் முதலில் வந்ததை நினைவில் வைத்து, இரண்டாவது வந்ததும் ஒரு துடிப்பு வெளியிடும் உறுப்பு ஒன்று வேண்டும். முழுக் கூட்டிக்கு, அதாவது இரண்டு பிட்களோடு முந்தைய இலக்கத்திலிருந்து கைமாறி வரும் ஒன்றையும் (கேரி) சேர்த்துக் கூட்டும் சுற்றுக்கு, மூன்று உள்ளீடுகள், ஆக எட்டுச் சேர்க்கைகள். நினைவு உறுப்பு மலிவாகக் கிடைக்கும் ஊடகத்தில் இது பரவாயில்லை. வெறும் கம்பிகளும் மோதல்களும் மட்டுமே கையில் இருந்தால் சுற்று பூதாகரமாகிவிடும்.

அதனால் என் தேர்வு முதல் வழி. கடிகாரம் வேண்டும் என்ற ஒரே குறையும் கூட்டலுக்கு வரும்போது பாதிக்கு மேல் மறைந்துவிடுகிறது. காரணத்தைப் பாருங்கள். எந்த உள்ளீட்டிலும் துடிப்பு இல்லாவிட்டால் கூட்டலின் விடையிலும் துடிப்பு இல்லை, 0 + 0 = 0. ஒன்றுமில்லாத இடத்திலிருந்து துடிப்பை உண்டாக்கும் வேலை கூட்டலில் வருவதே இல்லை. அந்த வேலை நாட் கேட்டுக்குத்தான் உண்டு, கடிகாரத் துடிப்பை உள்ளே இழுப்பதும் அதுதான். ஆக கூட்டியின் உள்ளே கடிகாரமே வேண்டாம். எண்களை உள்ளே அனுப்பும்போதும் விடையைப் படிக்கும்போதும் மட்டும் அது இருந்தால் போதும்.

தடுக்கும் சந்திப்பு ஒன்று, சேர்க்கும் சந்திப்பு ஒன்று, இந்த இரண்டை வைத்துக் கூட்டியைக் கட்டிப் பார்ப்போம். A வந்து B வராதபோது மட்டும் வெளிவரும் துடிப்பை P என்போம், அதாவது A-யை B தடுக்கிறது. அதேபோல் B-யை A தடுத்தால் கிடைப்பது Q. P-யையும் Q-வையும் சேர்த்தால், இரண்டில் ஒன்று மட்டும் வரும்போது 1 தரும் எக்ஸ்ஆர், அதுவே அரைக் கூட்டியின், அதாவது இரண்டு பிட்களை மட்டும் கூட்டும் சுற்றின், கூட்டுத்தொகை. கேரிக்கு இரண்டு துடிப்புகளும் இருந்தால் மட்டும் 1 வேண்டும். A-யின் இன்னொரு நகலை எடுத்து P-யால் தடுங்கள். B இல்லாதபோது P பிறந்து A-யை அணைத்துவிடும். B இருந்தால் P பிறக்காது, A தப்பித்து வெளியே வரும். அதுதான் கேரி. ஆக அரைக் கூட்டிக்கு மூன்று தடுப்புகள், ஒரு சேர்ப்பு. முழுக் கூட்டிக்கு ஆறு தடுப்புகள், மூன்று சேர்ப்புகள்.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. இதே பாகங்களால் கழித்தல் சுற்றைக் கட்டினால் கூட்டலைவிடச் சிறியதாக வருகிறது. A-யிலிருந்து B-யைக் கழித்தால் மீதி அதே எக்ஸ்ஆர். கடன் வாங்க வேண்டியது A இல்லாமல் B மட்டும் வரும்போதுதான், அது ஏற்கெனவே கையில் இருக்கும் Q. தனியாக ஒன்றும் செய்ய வேண்டாம். அரைக் கழிப்பிக்கு இரண்டு தடுப்புகளே போதும், முழுக் கழிப்பிக்கு நான்கு. கழிக்க வேண்டிய எண்ணைத் தலைகீழாக்கி ஒன்றைச் சேர்த்துக் கூட்டு என்று பாடப்புத்தகம் சொல்லும் இரண்டின் நிரப்பி முறை, வோல்டேஜ் நிலையாக நிற்கும் சுற்றுகளுக்கு நல்ல யோசனைதான். துடிப்புச் சுற்றில் அது எல்லா 0-வையும் 1 ஆக்கச் சொல்கிறது, கடிகாரத்தை உள்ளே கொண்டுவருகிறது, துடிப்புகளின் எண்ணிக்கையையும் கூட்டுகிறது. இங்கே நேரடிக் கழித்தல்தான் சிக்கனம். பழைய பாடத்தை அப்படியே தூக்கிக்கொண்டு வராதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

மோதலில் இரண்டு துடிப்புகளும் அணைந்துபோகும் ஊடகம் கையில் இருந்தால் இன்னும் லாபம். ஒரே கம்பியின் இடது முனையில் A-யையும் வலது முனையில் B-யையும் ஏற்றுங்கள். இரண்டும் வந்தால் நடுவில் மோதி மறையும். A மட்டும் வந்தால் வலது முனையில் வெளிவரும், அதுதான் P. B மட்டும் வந்தால் இடது முனையில் வெளிவரும், அது Q. ஒரே கம்பி, இரண்டு தடுப்புகளின் வேலை. வெளிவரும் துடிப்பு எதிர்முனையின் உள்ளீட்டுக் கம்பிக்குள் திரும்பி ஏறாமலிருக்க ஒருவழிப் பாதை போட வேண்டும், அதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

தடுப்பு முறையைத் தவிர முழுக் கூட்டியைக் கட்ட வேறு இரண்டு முறைகளும் உண்டு. ஒன்று, வரம்பைப் பயன்படுத்துவது. மூன்று உள்ளீடுகளும் ஒரே நேரத்தில் வர, இரண்டோ அதற்கு மேலோ வந்தால் சுடும் ஒரு நியூரான் கேரியைத் தரும். இன்னொரு நியூரான் மூன்று உள்ளீடுகளையும் கூட்டி, அதிலிருந்து கேரியின் இரண்டு மடங்கைக் கழித்து, ஒன்றாவது மிஞ்சினால் சுடும். அதுதான் கூட்டுத்தொகை. இரண்டே நியூரான்கள்! மூளையைப் பார்த்துச் செய்யப்பட்ட ஐபிஎம் ட்ரூநார்த், இன்டெல் லோய்ஹி போன்ற சிப்கள் இத்தகைய கூட்டல்-வரம்பு வேலைக்காகவே உருவானவை. அப்படி ஒன்று கைக்கு எட்டினால் இந்த முறைதான் சரி. கையால் கட்டினால் ஒன்றையும் இரண்டையும் மூன்றையும் அனலாக் அளவில் பிரித்துப் பார்க்க வேண்டும், துடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் படியவும் வேண்டும். அது தீராத் தலைவலி.

இன்னொரு முறை, எண்ணுவது. ஒரு கட்டத்துக்குள் கேரி, A, B ஆகிய மூன்றையும் சிறு இடைவெளி விட்டு அடுத்தடுத்து ஒரே டாகிள் ஃப்ளிப்ஃப்ளாப்பில் செலுத்துங்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் அது 0-விலிருந்து 1-க்கும், 1-லிருந்து 0-வுக்கும் மாறும். 1-லிருந்து 0-வுக்கு இறங்கினால் கேரி. இரண்டு துடிப்பு வந்தாலும் மூன்று வந்தாலும் இந்த இறக்கம் ஒரே ஒரு தடவைதான் நடக்கும். கட்டத்தின் முடிவில் ஃப்ளிப்ஃப்ளாப்பில் மிஞ்சியிருப்பது கூட்டுத்தொகை. அதைப் படித்துவிட்டுத் துடைத்துவிட வேண்டும். கையால் கட்டும்போது பாகங்களின் எண்ணிக்கையில் இதுதான் சிக்கனம். ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. படித்த பின் 1-ஐ 0-வாகத் துடைக்கும்போதும் அதே இறக்கம் நடக்கும், பொய்யான கேரி ஒன்று கிளம்பிவிடும். துடைக்கும் நேரத்தில் கேரிப் பாதையை மூடிவைக்க வேண்டும். அப்புறம், உண்மையான கேரி இரண்டாவது துடிப்போடு கிளம்புகிறது. அது சில சமயம் A-யின் நேரத்தில் வரும், சில சமயம் B-யின் நேரத்தில் வரும். அடுத்த கட்டத்துக்குள் அது எப்போதும் ஒரே இடத்தில் நுழையும்படி நேரத்தைச் சரிசெய்து அனுப்ப வேண்டும்.

அடுத்தது, பிட்களை ஒவ்வொன்றாகக் கூட்டுவதா, எல்லாவற்றையும் ஒரே நேரத்திலா? இதில் எனக்குத் தயக்கமே இல்லை, ஒவ்வொன்றாகத்தான். நான்கு பிட்களை இணையாகக் கூட்ட நான்கு முழுக் கூட்டிகள் வேண்டும். போதாததற்கு, கேரி கீழிருந்து மேலே வந்து சேரும்வரை மேல் பிட்களின் துடிப்புகளைத் தாமதிக்க வேண்டும். ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு நீளத்தில் தாமதக் கம்பி. தொடர் முறையில் ஒரே முழுக் கூட்டி போதும். அதன் கேரி வெளியீட்டை ஒரு கட்டம் தாமதித்து அதன் உள்ளீட்டிலேயே மீண்டும் கொடுத்தால் எத்தனை பிட் எண்ணையும் கூட்டலாம்.

3-ஐயும் 6-ஐயும் எடுத்துக்கொள்வோம், 0011, 0110. கடைசி இலக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். முதல் கட்டத்தில் A-யில் மட்டும் துடிப்பு, விடை 1. இரண்டாவதில் இரண்டிலும் துடிப்பு, விடை 0, கையில் ஒன்று. மூன்றாவதில் B-யும் கையிலிருந்த ஒன்றும், விடை 0, மறுபடி கையில் ஒன்று. நான்காவதில் கையிலிருந்த ஒன்று மட்டும், விடை 1. வெளியே வந்தது 1001, அதாவது 9. தாளில் நாம் கூட்டும் அதே வரிசை.

1945-ல் ஃபான் நாய்மன் எட்வாக் கணினிக்கு எழுதிய முதல் வரைவும் இதே வழியில்தான் போனது. மெக்கல்லக்கும் பிட்ஸும் 1943-ல் முன்வைத்த எளிமையான நியூரான்களையே குறியீடாக எடுத்துக்கொண்டு, வரம்பும் தாமதமும் உள்ள உறுப்புகளால் தொடர் கூட்டியை அவர் வரைந்து காட்டினார். எட்வாக்கின் நினைவகமும் பாதரசக் குழாய்க்குள் ஒலித் துடிப்புகளாகச் சுற்றிவரும் பிட்கள்தான். 1949-ல் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணினியும் அப்படியே. துடிப்பு வந்துபோகும் ஊடகத்துக்குத் தொடர் கணக்கு இயல்பாகப் பொருந்துகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

இனி ஊடகம். எல்லாவற்றையும் சமமாக அலசப்போவதில்லை. சிலவற்றை நம்மால் தொடவே முடியாது.

முதலில் தொட வேண்டியது வயர்வேர்ல்ட். பிரயன் சில்வர்மன் 1987-ல் உருவாக்கிய செல் தானியங்கி இது. கட்டம் போட்ட தாள் மாதிரி ஒரு வெளி. ஒவ்வொரு கட்டமும் காலி, கம்பி, தலை, வால் என்ற நான்கு நிலைகளில் ஒன்றில் இருக்கும். தலை அடுத்த அடியில், அதாவது அடுத்த காலப்படியில், வாலாகும், வால் கம்பியாகும், சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களில் சரியாக ஒன்றோ இரண்டோ தலையாக இருந்தால் கம்பி தலையாகும். அவ்வளவுதான் விதி. வால்தான் ஓய்வு நிலை என்பதைப் பார்த்தவுடன் புரிந்துகொள்வீர்கள். எதிரெதிரே வரும் இரண்டு தலைகளைத் தாளில் வரைந்து இந்த விதியைப் போட்டுப் பாருங்கள், இரண்டும் மறைந்துவிடும். கோலி என்ற இலவச மென்பொருளில் இதை ஓட்டலாம். பகா எண்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கணக்கிட்டுத் திரையில் காட்டும் முழுக் கணினியையே மார்க் ஓவனும் நண்பர்களும் இதில் கட்டியிருக்கிறார்கள்.

வயர்வேர்ல்டின் பெரிய வரம் நேரம். துடிப்பு தாளில் ஒரு கட்டம் நகர ஓர் அடி, பிசகே கிடையாது. ஒரு பிட்டுக்கு 12 அடி என்று வைத்தால், கேரி கிளம்பும் இடத்திலிருந்து சுற்றிவந்து மீண்டும் நுழையும் இடம்வரை, நடுவில் உள்ள கேட்களையும் சேர்த்து, 12 அடி ஆகும்படி கம்பியை வளைக்க வேண்டும். ஒரு கட்டம் குறைந்தால்கூட விடை தவறாக வரும். விரலால் எண்ணிச் சரிபார்க்கலாம். கடிகாரம் வேண்டுமா, கம்பியை வளையமாக்கி அதில் ஒரு துடிப்பைச் சுற்றவிட்டு, பக்கத்தில் ஒரு கிளை எடுத்துக்கொள்ளுங்கள்.

கையில் பிடித்துப் பார்க்கும் சுற்று வேண்டும் என்றால், சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் சாதாரண ஐசிக்களிலேயே இரண்டு தேர்வுகள் உண்டு. ஒன்று 74எச்சி14. இதில் ஆறு ஷ்மிட் இன்வெர்ட்டர்கள், அதாவது உள்ளீடு வரம்பைத் தாண்டினால் வெளியீட்டைத் தலைகீழாக்கும் கேட்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு கெபாசிட்டரைத் தொடரில் வைத்து, உள்ளீட்டிலிருந்து தரைக்கு ஒரு ரெசிஸ்டர் போட்டால், ஏறும் விளிம்பு வந்ததும் வெளியீடு சிறிது நேரம் கீழே இறங்கி மீண்டும் ஏறும். அந்த ஏற்றம் அடுத்ததைத் தூண்டும். 0.1 மைக்ரோஃபாரடும் 1 மெகா ஓமும் போட்டால் ஒவ்வொரு படியும் ஏறத்தாழ 0.1 நொடி நீளும். எல்இடி வைத்தால் துடிப்பு ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம். பூச்சி மாதிரி நடக்கும் ரோபோக்களுக்கு மார்க் டில்டன் இந்தச் சங்கிலியைத்தான் பயன்படுத்தினார். நடை பழக இது அருமையான ஏற்பாடு. கணக்குக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். இதற்கு உண்மையான ஓய்வு நேரம் கிடையாது. நடுவில் இன்னொரு விளிம்பு வந்தால் துடிப்பு நீண்டுவிடும், நேரக் கட்டங்கள் குழம்பிவிடும்.

கணக்குக்கு ஏற்றது சிடி4538. ஒரு ஐசியில் இரண்டு மோனோஸ்டேபிள்கள், அதாவது தூண்டினால் குறித்த நீளத்தில் ஒரே ஒரு துடிப்பை வெளியிடும் சுற்றுகள். துடிப்பின் அகலம் ரெசிஸ்டர் பெருக்கல் கெபாசிட்டர், 100 கிலோ ஓமும் 0.1 மைக்ரோஃபாரடும் என்றால் 10 மில்லி நொடி. வெளியீட்டிலிருந்து ஒரு கம்பியைத் தூண்டல் உள்ளீட்டுக்குத் திருப்பி இணைத்தால், துடிப்பு முடியும்வரை மறுதூண்டலை ஏற்காது. அதுவே ஓய்வு நேரம். ரீசெட் காலைக் கீழே இழுத்துப் பிடித்தால் அந்த நேரத்தில் சுடாது. அதுவே தடுப்பு. நரம்பின் குணங்களில் மூன்று ஒரே இடத்தில் வந்துவிடுகின்றன. 74எச்சி123 இன்னும் எளிதாகக் கிடைக்கும், ஆனால் அதில் ரீசெட் காலை மேலே விடும்போது உள்ளீடு தயார்நிலையில் இருந்தால் அதுவே ஒரு துடிப்பைக் கிளப்பிவிடும். தடுப்பதற்காக வைத்த கால் தூண்டத் தொடங்கினால் தவறைக் கண்டுபிடிப்பது நரகம்.

மோனோஸ்டேபிள் சங்கிலி ஒரே திசையில்தான் ஓடும். அதனால் மோதலில் கிடைக்கும் லாபம் இங்கே இல்லை. தடுக்கும் துடிப்பு சற்று முன்னால் வந்து ஒரு சாளரத்தைத் திறந்து வைக்க வேண்டும், தடுக்கப்படுவது அதற்குள் வந்து விழ வேண்டும். சாளரங்களையும் தாமதங்களையும் சேர்த்தால் தடுப்பு முறையில் ஒரு முழுக் கூட்டிக்கு ஏறத்தாழ பத்து 4538 ஆகும். எண்ணும் முறையில், டாகிளுக்கு 4013 என்ற ஃப்ளிப்ஃப்ளாப் ஐசி ஒன்றைப் போட்டால், பாதிக்கும் குறைவாக முடியும். ஃப்ளிப்ஃப்ளாப் போடுவது நரம்பு வழியைக் கைவிடுவது ஆகாதா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இதைத் தத்துவப் பயிற்சியாகச் செய்கிறவர்கள் தடுப்பு முறையிலேயே நிற்கட்டும்.

நேரம்தான் இதில் எதிரி. செராமிக் கெபாசிட்டர்கள் சாதாரணமாக 10 சதவீதம் வரை முன்பின் இருக்கும், வெயிலுக்கும் நகரும். கேரியின் ஒரு கட்டத் தாமதத்தை ஆறேழு மோனோஸ்டேபிள்களின் சங்கிலியாக அமைத்தால் பிழைகள் எல்லாம் சேர்ந்துகொள்ளும். அப்படிச் செய்யாதீர்கள். கூட்டியின் உள்ளே கடிகாரம் வேண்டாம் என்றாலும், கேரி திரும்பி வரும் வழியில் மட்டும் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கேரி வந்ததும் அகலமான ஒரு சாளரத்தைத் திறக்கட்டும். அடுத்த கடிகாரத் துடிப்பு வரும்போது சாளரம் திறந்திருந்தால் அந்தக் கடிகாரத் துடிப்பே உள்ளே போய்க் கேரியாகட்டும். நேரம் ஒவ்வொரு கட்டத்திலும் புதிதாகச் சரியாகிவிடும்.

கடிகாரத்தால் படிக்கும் இந்த உத்தியின் உச்சம், மின்தடையே இல்லாத மீகடத்திச் சுற்றுகளில் இருக்கிறது. 1980களில் லிகாரெவ், முகனோவ், செமினோவ் மூவரும் மாஸ்கோவில் வடிவமைத்த ஆர்எஸ்எஃப்க்யூ முறையில், இரண்டு மீகடத்திகளுக்கு நடுவே மெல்லிய தடுப்பு வைத்த ஜோசஃப்சன் சந்திகள் வழியாகப் பிகோ நொடிக் கணக்கில் நீளும் துடிப்புகள் ஓடுகின்றன. ஒவ்வொரு துடிப்பின் பரப்பளவும் இயற்கையே விதித்தது, 2.07 மில்லிவோல்ட்-பிகோநொடி. கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. இரண்டு கடிகாரத் துடிப்புகளுக்கு நடுவே ஒன்று வந்தால் 1, வராவிட்டால் 0. நாம் தேர்ந்தெடுத்த அதே வழி. டாகிள் இங்கே மிகச் சிறிய உறுப்பு, அதனால் எண்ணும் முறை முழுக் கூட்டிகளையும் இதில் கட்டியிருக்கிறார்கள். 1999-ல் இப்படி ஒரு டாகிளை 770 கிகாஹெர்ட்ஸ் வரை ஓட்டினார்கள். ஆனால் நியோபியச் சுற்றைத் திரவ ஹீலியத்தில், 4 கெல்வினில் வைக்க வேண்டும். வீட்டில் நடக்கிற காரியம் இல்லை. படித்துப் பார்ப்பதற்கு இதைவிட நல்ல முன்மாதிரியும் இல்லை.

டனல் டயோடு, அதாவது மின்னழுத்தம் கூடும்போது ஒரு பகுதியில் மின்னோட்டம் குறையும் டயோடு, இவற்றாலான வரிசை 1962-ல் ஜப்பானில் நாகுமோ குழு கட்டியது. நியூரிஸ்டருக்கு மிக நெருங்கிய மின்சுற்று அதுதான், இரு திசையிலும் ஓடும், மோதலில் அணையும். இன்று டனல் டயோடு அரிதாகத்தான் கிடைக்கிறது, விலையும் அதிகம். எச்பி ஆய்வகத்தில் நியோபியம் ஆக்சைடு மெம்ரிஸ்டர்களால் (தன் வழியே போன மின்னோட்டத்துக்கு ஏற்ப மின்தடை மாறும் உறுப்புகள்) ஒரு நியூரிஸ்டரைச் செய்து 2013-ல் வெளியிட்டார்கள். பொருள் ஆய்வகம் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்.

வேதியியல் பக்கம் போனால் பெலூசோவ்-ஜபோட்டின்ஸ்கி வினை. சிவப்புக் கரைசலில் நீல அலைகள் ஓடும், மோதினால் அணையும். டோத்தும் ஷோவால்டரும் 1995-ல் நுண்குழாய்களைக் கொண்டு இதில் கேட்கள் செய்து காட்டினார்கள். கண்ணுக்கு விருந்து. ஆனால் அலையின் வேகம் நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான். ஒரு பிட்டைக் கூட்டவே பல நிமிடங்கள் ஆகும், அதற்குள் கரைசலில் குமிழிகள் கிளம்பி அலையைக் கெடுக்கும். புரோமேட்டும் கந்தக அமிலமும் இருப்பதால் ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் தொடக்கூடாது. ஒரே ஒரு மோதலைக் காட்டும் வகுப்பறைச் சோதனைக்கு இதைத் தேர்ந்தெடுக்கலாம், முழுக் கூட்டிக்கு வேண்டாம்.

ஆக, இதில் இறங்குகிறவருக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் வயர்வேர்ல்டில் தடுப்பு முறைத் தொடர் கூட்டி, மோதும் கம்பியோடு. அது ஓடியதும் அதையே கழிப்பியாக மாற்றுங்கள், சில கம்பிகளை இடம் மாற்றினால் போதும். பிறகு பிரெட்போர்டில், 4538-ம் ஒரு 4013-ம் வைத்து எண்ணும் முறை, ஒரு கட்டத்துக்கு ஒரு நொடி என்று மெதுவாக. எல்லாம் கண்ணுக்குத் தெரியும் வேகத்தில் சரியாக ஓடிய பிறகு கெபாசிட்டர்களைச் சிறியதாக்கலாம். இரட்டைக் கம்பி முறையைக் கடிகாரமில்லாச் சுற்றுகளைத் தனியாகப் படிக்க விரும்புகிறவர்கள் மட்டும் எடுத்துக்கொள்ளட்டும்.

சோதிக்கும்போது 3 + 6 சரியாக வந்துவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள். 7 + 1 போட்டுப் பாருங்கள். கேரி முதல் மூன்று கட்டங்களிலும் உருவாகி அடுத்ததற்குத் தாவ வேண்டும், நேரப்பிழை இருந்தால் பெரும்பாலும் இதில் மாட்டிக்கொள்ளும். கழிப்பிக்கு 0-விலிருந்து 1-ஐக் கழியுங்கள். கடன் தீராமல் ஒவ்வொரு கட்டத்திலும் 1 வெளியே வந்துகொண்டே இருக்கும். சுற்று பழுது என்று அதைப் பிரிக்க வேண்டாம். முடிவில்லாமல் வரும் அந்த 1-கள்தான் இரண்டின் நிரப்பி முறையில் மைனஸ் ஒன்று.